சாத்துக்குடி மரத்தடியில் ஒரு கூர்மான்

வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் வைத்திருக்கும் நம் ஊர் ஓய்வூதியக்காரர்களிடம் சில ஆண்டுகளாக ஒரே புகாரைக் கேட்டு வருகிறேன். "சாத்துக்குடின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் நல்லாவும் காய்ச்சுது. இப்போ என்னடான்னா சின்னச் சின்னதா, கமலா ஆரஞ்சு நிறத்துல காய்க்குது. வாயில வைக்க முடியல, அப்படி ஒரு புளிப்பு." இதைச் சொல்லி முடித்ததும் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டு நாரத்தை மரத்தின் மகரந்தம் பட்டு இனம் கெட்டுவிட்டது என்பார் ஒருவர். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்பார் இன்னொருவர். கண்ணேறு என்று சொல்லி மரத்தில் பழைய செருப்பைக் கட்டி வைத்தவரையும் எனக்குத் தெரியும்.

மூன்றும் இல்லை. வேறு மரத்து மகரந்தம் பட்டால் உள்ளே இருக்கும் விதை மாறலாம், விதையின் எண்ணிக்கை கூடலாம். தோலும் சுளையும் தாய் மரத்தினுடையவை. அவை மாறாது. உப்புத் தண்ணீர் இலையின் ஓரத்தைக் கருக்கும், காயைக் குறைக்கும். ஆனால் சாத்துக்குடியை வேறு பழமாக ஆக்கும் சக்தி அதற்குக் கிடையாது. கண்ணேறு பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

நடந்தது இதுதான். அந்த மரத்தில் முதலிலிருந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரே பட்டாவில் இரண்டு பேர் பெயர் இருப்பதைப் போல. இத்தனை நாள் மேலே இருந்தவர் காய்த்தார். இப்போது கீழே இருந்தவர் காய்க்கிறார்.

நாம் சாத்துக்குடிக் கன்று என்று வாங்குவது ஒட்டுக் கன்று. அடியில் வேறொரு செடி, அதன் தண்டில் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நல்ல சாத்துக்குடி மரத்தின் ஒரு கண்ணை வைத்துக் கட்டியிருப்பார்கள். கண் பிடித்ததும் அதற்கு மேலே இருக்கும் பழைய தலையை வெட்டிவிடுவார்கள். பிறகு வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது. அடியில் இருப்பதை வேளாண்மைத் துறையினர் வேர்ச்செடி என்பார்கள். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் ரங்பூர் லைம் அல்லது ரஃப் லெமன். வடக்கே ஜம்பேரி என்று சொல்வது இந்த ரஃப் லெமனைத்தான். ரங்பூர் லைமின் பழம் பார்வைக்குச் சின்னக் கமலா ஆரஞ்சு போலவே இருக்கும், தோலும் அதைப் போலவே எளிதாக உரியும், புளிப்பு மட்டும் எலுமிச்சையைத் தோற்கடிக்கும். ரஃப் லெமன் மஞ்சளாக, மேடு பள்ளமான தடித்த தோலோடு இருக்கும். நண்பர்கள் கொண்டு வந்து காட்டுகிற "கெட்டுப்போன சாத்துக்குடி" இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இதுவரை இருந்திருக்கிறது.

என் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு "லெஸோன் த ஷோஸ்" என்ற வகுப்பு நினைவிருக்கும். பொருட்பாடம் என்று சொல்லலாம். அதில் ஒட்டுக் கட்டுவது பற்றி ஒரு பாடம் வரும். புத்தகத்தில் ஆப்பிளும் பேரியும் திராட்சையும்தான் இருந்தன. எங்களில் ஒருவரும் ஆப்பிள் மரத்தைப் பார்த்ததில்லை. வகுப்புக்கு வெளியே நின்ற மாமரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் அந்தப் பாடத்திலிருந்து சில சொற்கள் மனதில் தங்கிவிட்டன. வேர்ச்செடிக்குப் பெயர் "பொர்த் கிரெஃப்", அதாவது ஒட்டைச் சுமப்பவன். கிரெஃப் என்றால் ஒட்டு. கோர்ட்டில் ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்கும் கிரெஃப் என்றுதான் பெயர், அங்கே எழுதுகிறவர் கிரெஃபியே. இரண்டு சொல்லும் எழுத்தாணியைக் குறிக்கும் ஒரே பழைய சொல்லிலிருந்து வந்தவை. சீவிய ஒட்டுக்குச்சி எழுத்தாணி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதிக் காலம் தள்ளியவனுக்கு இந்த உறவு பிடித்திருந்ததில் வியப்பில்லை.

இன்னொரு சொல்தான் இங்கே முக்கியம். வேகமாக நெட்டுக்குத்தாக வளர்ந்து மரத்தின் சாற்றையெல்லாம் உறிஞ்சும் போத்துக்குப் பிரெஞ்சில் "கூர்மான்" என்று பெயர். சாப்பாட்டு ராமன் என்று பொருள். நம் ஆட்கள் நீர்ப்போத்து என்கிறார்கள், அதுவும் நல்ல பெயர்தான். ஆனால் கூர்மான் என்ற பெயரில் அதன் குணம் முழுதும் இருக்கிறது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதவன். வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்குத்தான் முதல் பரிமாறல்.

இதைப் படித்துவிட்டு வேர்ச்செடி என்றாலே வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. அது இல்லாமல் சாத்துக்குடி இந்த மண்ணில் இவ்வளவு நிற்காது. விதையிலிருந்து வளர்த்தால் முள்ளும் முரடுமாக நின்று காய்க்கப் பல வருஷம் எடுக்கும். ஒட்டுக் கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கிறது. ரங்பூர் லைமின் வேர் வறட்சியைத் தாங்கும், கொஞ்சம் உப்பையும் தாங்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது பெரிய உதவி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்செரா என்ற பொடிப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரில் தாக்கி அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரின் மேல் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். 1930-களிலிருந்து தென் அமெரிக்காவில் கசப்பு ஆரஞ்சு வேரின் மேல் நின்ற ஆரஞ்சு மரங்கள் ஒரு வைரஸ் நோயால் லட்சக்கணக்கில் செத்தன. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயரே துயரம் என்று பொருள்படும் "திரிஸ்தேசா". பிரேசில்காரர்கள் வேரை மாற்றிப் பிழைத்தார்கள், மாற்றியது பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே ரங்பூர் லைமுக்கு. ஆக வேர் வேண்டும், நல்ல வேராக வேண்டும். அது வேராகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அது ஏன் சும்மா இருக்காமல் கிளம்புகிறது? மரத்தின் தலை நன்றாக இருக்கும் வரை கீழே தூங்கும் கண்களை எழவிடாது. தலை நலிந்தால் அந்தப் பிடி தளரும். கடும் வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, ஆடு கடித்த தண்டு, பட்டையில் அழுகல், ஒரே நாளில் மொட்டையடித்த கவாத்து, இதில் எது நடந்தாலும் அடியில் இருப்பவன் விழித்துக்கொள்வான். எனவே அடிப்போத்து ஒன்றிரண்டு எப்போதாவது வந்தால் தேய்த்துவிட்டுப் போகலாம். வருஷம் முழுக்க வந்துகொண்டே இருந்தால் அதை ஒரு மனுவாக எடுத்துக்கொண்டு மேலே என்ன குறை என்று விசாரிக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் சண்டை. என் வீட்டிலும் இருந்தது. "துளிர்க்கிறதைப் போய் வெட்டுவாங்களா? குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்று வீட்டம்மா கத்தியைப் பிடுங்காத குறை. வெள்ளிக்கிழமை வேறு. அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. பச்சையை அழிக்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததால்தான் இந்த ஊரில் இவ்வளவு மரம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அதே கைதான் வாழையடியில் ஒரு கன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தோண்டி எறிகிறது. "அது வேற" என்றார். வேறதான். வாழைக் கன்றாவது அதே வாழை. இங்கே கிளம்புவது வேறு மரம்.

இரக்கம் காட்டுகிறவர்களை விட எனக்கு அதிக வருத்தம் தருகிறவர்கள், பெருமைப்படுகிறவர்கள். "பாருங்க, உரம் போட்டதும் ஒரே மாசத்துல ஆள் உயரம்" என்று தோளில் கை போடுவது போலக் காட்டுவார்கள். அடர்ந்த பச்சை, நீள முள், ஒரு பூ இருக்காது. பக்கத்தில் உண்மையான சாத்துக்குடிக் கிளை வெளிறி நிற்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று வருஷம் போனால் அது காய்ந்து, அதைச் சுள்ளி என்று ஒடித்துப் போடுவார்கள். கடைசியில் மரம் மாறிவிட்டது என்று என்னிடம் வருவார்கள். நாம் யாருக்கு உரம் போட்டோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

குனிவது நம் வயதில் சிரமம்தான். ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். தண்டில் தரைக்கு மேல் ஒரு சாண் அளவில் லேசான வளைவோ, முடிச்சோ, பட்டையின் நிறத்தில் மாற்றமோ தெரியும். அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே கிளம்புவது எதுவானாலும் வேர்ச்செடியுடையது. வெளிநாட்டுப் படங்களில் வேர்ச்செடிக்கு மூன்று இலை சேர்ந்தாற்போல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "என் மரத்தில் ஒற்றை இலைதானே, அப்போ இது நல்ல கிளை" என்று ஒருவர் வாதாடினார். அது டிரைஃபோலியேட் என்ற வேறு இனம், ஜப்பான் போன்ற குளிர்ந்த இடங்களில் வைப்பது. நம் ரங்பூருக்கும் ரஃப் லெமனுக்கும் பார்வைக்கு ஒற்றை இலைதான். எனவே இலையை எண்ணிப் பயனில்லை. சாத்துக்குடியின் இலைக்காம்பில் இரண்டு ஓரமும் மெல்லிய சிறகு போல இருக்கும், மற்ற இரண்டில் அது இல்லாதது போலவே இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை வேறு. ரங்பூரின் இளந்தளிரில் ஊதா ஓடும். இவற்றையெல்லாம் விட நம்பகமான வழி, கிளையைப் பிடித்துக்கொண்டே விரலைக் கீழே இறக்கி அது எங்கே பிறக்கிறது என்று பார்ப்பது.

ஏனென்றால் ஒட்டுக்கு மேலேயும் கூர்மான்கள் வரும். முக்கோணத் தண்டும் பெரிய இலையும் முள்ளுமாக அவையும் முரடாகத்தான் இருக்கும். அவை சாத்துக்குடிதான். அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நடுவில் குறுக்கே போவதை எடுத்துவிட்டு, இடம் காலியாக இருக்கும் பக்கம் வருவதைப் பாதிக்கு வெட்டிவிட்டால் அடுத்தடுத்த தளிர்களில் கிளை பிரிந்து ஒழுங்குக்கு வரும். அடியில் வருவதற்கும் மேலே வருவதற்கும் ஒரே தண்டனை கொடுப்பது நியாயமில்லை.

அடிப்போத்தை எடுக்க நல்ல நேரம் அது குழந்தையாக இருக்கும்போது. நக நீளம் இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே போய்விடும். பென்சில் கனத்துக்குள், பச்சையாக இருந்தால் பக்கவாட்டில் இழுத்துப் பிய்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் கண்களும் சேர்ந்து வந்துவிடும். மரமாகி முற்றிவிட்டால் வாளால் தண்டோடு ஒட்டி அறுக்க வேண்டும். ஒரு விரற்கடைக் கட்டை விட்டாலும் அதிலிருந்து நாலு கிளம்பும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது என் வழக்கம். மயில்துத்தம் 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியாக அரை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். இதுவும் பிரெஞ்சுக்காரர்கள் திராட்சைக்காகக் கண்டுபிடித்ததுதான், 1885-இல் மியார்தே என்ற பேராசிரியர் எழுதி வெளியிட்டார். ஊர்ப் பெயர் போர்தோ, நம் வாயில் போர்டோ.

ஒரு எச்சரிக்கை. மரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வேர்ச்செடியாக இருந்தால் வீராவேசமாக ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுக்காதீர்கள், அதுவும் சித்திரை வெயிலில். மிஞ்சியிருக்கும் நாலு சாத்துக்குடி இலையால் அவ்வளவு பெரிய வேருக்குச் சோறு போட முடியாது. நிழலில் இருந்த பட்டையும் வெயிலில் வெந்துவிடும். ஆடியில் கொஞ்சம், மழைக்குப் பின் கொஞ்சம் என்று இரண்டு மூன்று தவணையில் எடுங்கள். திறந்துகிடக்கும் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

தண்டைச் சுற்றி மண்ணைக் குவிப்பதையும் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. மண் ஏறி ஒட்டை மூடினால் சாத்துக்குடிப் பட்டை ஈரத்தில் அழுகும். வேர்ச்செடியை விட அதன் பட்டைதான் இந்த அழுகலுக்கு எளிதில் இரையாகும். ஒட்டை உயரத்தில் கட்டுவதே அதற்காகத்தான். பாத்தியைத் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வளையமாக எடுத்தால் தண்ணீர் தண்டைத் தொடாது.

எலுமிச்சை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நம் ஊர் நாட்டு எலுமிச்சை பெரும்பாலும் விதைக் கன்று. அதன் விதை பெரும்பாலும் தாயைப் போலவே முளைக்கும் என்பதால் ஒட்டு அவசியப்படவில்லை. அதில் அடியில் வருவதும் அதே எலுமிச்சைதான். காற்றோட்டத்துக்காக முழங்கால் உயரம் வரை சுத்தமாக வைத்தால் போதும். இப்போது ஒட்டு எலுமிச்சையும் விற்கிறார்கள், அது வேறு கதை, தண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நர்சரிக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கன்றில் தொங்கும் அட்டையில் "சாத்துக்குடி" என்று மட்டும் எழுதுகிறார்கள். வேர் எது என்று கேட்டால், "நல்ல வேர்தான் ஐயா" என்று பதில் வருகிறது. பிறப்புப் பதிவில் அப்பா பெயரை எழுதி அம்மா பெயருக்கு எதிரே "நல்லவர்" என்று எழுதினால் எந்த அலுவலகமாவது ஏற்குமா? ரங்பூரா, ரஃப் லெமனா என்று ஒரு வார்த்தை எழுத மை எவ்வளவு செலவாகும்? வாங்குகிறவருக்கு அது தெரிந்திருந்தால், ஐந்து வருஷம் கழித்து ஆரஞ்சு நிறக் காய் வரும்போது இது யார் என்று உடனே புரியும். ஒட்டு இருக்கும் இடத்தில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கேட்காமல் அவர்கள் தரப்போவதில்லை. எனவே கேளுங்கள்.

கடைசியாக, கோடாலி எடுப்பவர்களுக்கு. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர் வீட்டு மரம் ஒன்பது வருஷத்தது. பேத்தி பிரான்சில் பிறந்த வருஷம் வைத்தது. போன வருஷம் தண்டில் பிசின் வடிந்து சாத்துக்குடிப் பகுதி முழுதும் காய்ந்துவிட்டது. மிச்சம் நின்றது இரண்டு முரட்டுக் கைகள், இரண்டும் வேர்ச்செடி. மகன் வெட்டிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்றார். நண்பரும் அரை மனதாக ஒப்புக்கொண்டிருந்தார். "நமக்கு எழுபத்தஞ்சு ஆச்சுப்பா. இனிமே ஒட்டுக் கட்டி, அது பிடிச்சு, காய்ச்சு, யார் சாப்பிடப் போறது?" என்றார்.

இந்தக் கேள்வியை நம் வயதுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் கேட்கிறார்கள், பல் கட்டுவதற்குக்கூட. நான் அவருக்குச் சொன்னது கணக்கு மட்டும்தான். புதுக் கன்று வைத்தால் அது முதலில் வேர் பிடிக்க வேண்டும். உங்களிடம் ஒன்பது வருஷ வேர் இருக்கிறது. அது கிணற்றடி ஈரத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதற்கு ஒரு தலைதான் வேண்டும். இப்படிப்பட்ட வேரில் கட்டினால் இரண்டு மூன்று வருஷத்தில் காய் பார்க்கலாம். மூன்று வருஷம் கழித்து உயிர்ச் சான்றிதழ் கொடுக்கப் போவதாகத்தானே நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

மண்ணை விலக்கிப் பார்த்தோம். அடிப்பட்டை சுத்தமாக இருந்தது, அழுகல் கீழே இறங்கவில்லை. இறங்கியிருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன். ஆடியில் இரண்டு கைகளில் ஒன்றை இடுப்பு உயரத்தில் அறுத்தோம். மற்றதை வேருக்குச் சோறு போட விட்டுவைத்தோம். அறுத்த கட்டையில் ஏகப்பட்ட போத்து வந்தது. நல்ல இடத்தில் இருந்த நான்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தேய்த்துவிட்டோம். மழை ஓய்ந்து தையில் அவை பென்சில் கனம் ஆயின, பட்டையும் ஈரமாக உரிந்தது. பட்டை உரியாத காலத்தில் எந்தக் கெட்டிக்காரனும் கண் கட்ட முடியாது.

கண்ணுக்குப் பாகூரில் அவர் தங்கை வீட்டு மரத்திலிருந்து குச்சி எடுத்தோம். வருஷா வருஷம் நன்றாகக் காய்க்கும் மரம், இலையில் மஞ்சள் திட்டு கிடையாது. இதில் கவனம் வேண்டும். கிரீனிங், திரிஸ்தேசா போன்ற நோய்கள் ஒட்டுக்குச்சி வழியாகவே வந்துவிடும். இரவல் குச்சியோடு நோயையும் வாங்கி வருவதை விட மரம் இல்லாமலே இருக்கலாம். உருண்டையான குச்சியாக எடுத்து, இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு, ஈரத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தோம்.

கட்டியது நாங்கள் இல்லை. புரை எடுத்த கண்ணும் நடுங்கும் கையும் அந்த வேலைக்கு ஆகாது. நர்சரியில் வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார், அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பட்டையில் தலைகீழ் டி போலக் கீறினார். நேராகக் கீறினால் மழைத் தண்ணீர் மேலிருந்து உள்ளே இறங்கும், தலைகீழாக இருந்தால் வழிந்துவிடும். கேடய வடிவில் ஒரு அங்குலத்துக்குக் கண்ணைச் சீவி, கீழிருந்து மேலே செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினார். பிரெஞ்சில் இதற்குப் பெயரே கேடயம் வைத்தல்தான். ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மகன் மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கார் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்தோம். காம்பைத் தொட்டதும் உதிர்ந்தால் கண் பிடித்துவிட்டது என்று அர்த்தம், சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டது. நான்கில் மூன்று உதிர்ந்தன, கண் பச்சையாக இருந்தது. நாலாவது பழுப்பு. அந்தப் போத்தை இன்னொரு முறை முயன்று பார்க்க வைத்திருக்கிறோம். பிடித்த மூன்றுக்கும் கண்ணுக்கு மேலே பாதி வெட்டி மடக்கிவிட்டார் அந்தத் தம்பி. கண் ஒரு முழம் வளர்ந்த பிறகு மடக்கியதை அறுத்துவிடலாம், விட்டுவைத்திருக்கும் அந்த இன்னொரு கையையும் தவணையில் எடுத்துவிடலாம்.

நண்பர் இப்போது தினமும் காலையில் ஒரு படம் அனுப்புகிறார். நேற்று வந்ததில் முதல் கண் இரண்டு இலை விட்டிருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடுகு அளவில் ஊதாத் தளிர் ஒன்று. கட்டைவிரலால் தேய்த்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். வெள்ளிக்கிழமையாச்சே, நாளைக்குச் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.